காந்தம் ஓடும்போது அளக்காத விரிசல்

…இரண்டாவது தகடு எண்பத்தொன்று கிலோவில்தானே முறிந்தது, நேற்று சோதனைக்கூடத்தில் கண்ணால் பார்த்தாளே, முதல் தகடு தொண்ணூற்றாறு கிலோ வரை தாங்கியது, இரண்டும் ஒரே இரும்பு, ஒரே நீள விரிசல், இரண்டாவதைக் காந்தப்புலத்துக்குள் வைத்து இழுத்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம், மூன்று ஜோடித் தகடுகளிலும் அப்படியே… டாக்ஸி சிதி பிராஹிம் திருப்பத்தில் நகராமல் நின்றது. சுலைகா மறுபடியும் பூஜெமாவின் எண்ணை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கிரேன் ஏறினால் அந்த மனிதர் போனைத் தொடமாட்டார், நல்ல பழக்கம், இன்றைக்குப் பார்த்தா? அன்னாபா நகரத்தின் பழைய இரும்பு யார்டு அத்தனையிலும் அவரைப்போல ஜாக்கிரதையான ஆள் கிடையாது, அவருக்குத்தான் போன மாதம் பரிசோதகராக வந்து அவள் எழுதிக் கொடுத்தாள், தூக்கு காந்தத்தில் சங்கிலி மாட்டும் காதின் அடியில் பதினோரு மில்லிமீட்டர் விரிசல், ஆறு மாதம் ஓட்டலாம் என்று, கையெழுத்தோடு. காந்தத்தைத் தரையில் இறக்கி, மின்சாரத்தை நிறுத்திவிட்டு அளந்தாள். கணக்கும் அப்படித்தான், எடை, சங்கிலியின் இழுப்பு, முடிந்தது. காந்தம் வேலை செய்யும்போது அந்த இரும்புக்குள் என்ன நடக்கிறது என்று ஏன் தோன்றவில்லை? அன்று தங்கையின் நிச்சயதார்த்தம், இரண்டு மணிக்கு குவெல்மா பஸ்… அவசரம்தான் காரணமா? அவசரம் இல்லாவிட்டால் மட்டும் தோன்றியிருக்குமா? காலையில் மேலதிகாரி லக்தரிடம் சொன்னபோது அவர் காப்பியிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "ஊரே கரண்ட்ட நிறுத்திட்டுத்தாம்மா அளக்குது. உன் தகடு காகிதம் மாதிரி, அங்க இருக்கறது கை தடிமன். ரெண்டும் ஒண்ணா? போய் வேலையப் பாரு." அவர் சொல்வதும் நியாயம்தான், மெல்லிய தகட்டில் தெரிவது தடித்த காதில் தெரியாமலே போகலாம், போகலாம்தான், ஆனால் அவர் ஒருநாளும் அந்தக் காந்தத்தின் கீழே நிற்கப் போவதில்லையே…

யார்டு வாசலில் இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது காந்தம், ஒரு கார் அளவுக்கு இரும்புக் குப்பையைக் கவ்விக்கொண்டு ஆகாயத்தில். பத்தடி தள்ளி மூன்று பேர் குனிந்து செம்புக் கம்பி பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். கத்தினால் கேட்காது, ஓடினாள், சேறு செருப்பை இழுத்தது, நடுவில் போய் நின்று தலைத்துணியை அவிழ்த்து வீசினாள், முப்பத்தெட்டு வயதில் இத்தனை ஆண்கள் முன்னால் இப்படி… சுமை மெதுவாக இறங்கியது, ஒவ்வோர் அடிக்கும் அவள் பல்லைக் கடித்தாள், தரை தொட்டது, இரும்பு சரிந்து விழுந்தது. பூஜெமா துண்டால் கழுத்தைத் துடைத்தபடி இறங்கி வந்தார்.

"என்ன தங்கச்சி, வெள்ளைக் கொடி காட்டுற? சரணடைய வந்தியா?"

"இன்னிக்கு இத ஓட்டாதீங்கண்ணே. நான் எழுதிக் குடுத்தது செல்லாது."

"ஆறு மாசம்னு நீதான சொன்ன?"

"நான்தான் சொன்னேன். கரண்ட் ஓடும்போது விரிசலுக்கு என்ன ஆகும்னு நான் பாக்கல."

அவர் சிரிக்கவில்லை. பிரதான சுவிட்சை நிறுத்திப் பூட்டி, சாவியை அவளிடமே கொடுத்தார். அவள் காந்தத்தின் மேல் ஏறி, காதின் அடியில் சாயத்தைப் பூசி, துடைத்து, பொடி தூவிக் காத்திருந்தாள். விரிசல் சிவப்புக் கோடாக மெல்ல எழுந்தது. அளந்தாள். திரும்ப அளந்தாள். கோட்டின் நுனிக்கு லென்ஸைக் கொண்டுபோய் இன்னொரு முறை. பதினொன்று. போன மாதம் பார்த்த அதே பதினொன்று, ஒரு மயிரிழை கூடவில்லை.

"வளந்திருக்கா?" என்றார் கீழிருந்து.

"இல்லண்ணே."

"அல்ஹம்துலில்லா. அப்புறம் ஏன் மூஞ்சி அப்படிப் போகுது?"

அவள் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். ஓட்டக்கூடாது என்பதில் சந்தேகம் இல்லை, மின்சாரத்தோடு சோதித்துப் பார்க்கும்வரை சாவி அவளிடம்தான் இருக்கும், லக்தர் என்ன சொன்னாலும் சரி, ஆனால் இப்போது அவளை உறுத்தியது அது இல்லையே… அந்த மூன்று பேரும் நிழலில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள், முழுசாக, ஒரு கீறல் இல்லாமல், அளவுகோலில் பதினொன்றைப் பார்த்த அந்த நொடியில் அவளுக்குள் எழுந்தது நிம்மதி இல்லை, அது என்ன என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, பன்னிரண்டாக இருந்திருக்கக் கூடாதா, லக்தரிடம் காட்டியிருக்கலாமே என்று…