உப்பு மூட்டையும் மேயரின் வரலாறும்

மிக்கேல் திருநாளன்று என் தங்கை வின்னி தள்ளுவண்டியோடு தோணியில் வந்து இறங்கினாள். அவள் வாழ்க்கைப்பட்டது ஆற்றுக்கு அக்கரையில், டன்வெல்லில்.

"வண்டி எதுக்குடி?"

"மணியை ஏத்திக்கிட்டுப் போகத்தான். இந்த வருஷம் உங்க உப்பு கரை ஏறாதாம். எங்க ஊர் முழுக்க அதே பேச்சு."

"வருஷா வருஷம் அதே பேச்சுதானே?"

"வண்டி புதுசுக்கா!" என்றாள்.

எங்கள் ஆர்ன்ஹைத் ஒரு துறைமுகம் என்பதற்கு மிஞ்சியிருக்கும் அத்தாட்சி படித்துறையில் தொங்கும் அந்த மணி ஒன்றுதான். யாரோ ஓர் அரசன் எழுதிக் கொடுத்த உரிமை அது. மிக்கேல் திருநாளில், பொழுது சாய்வதற்குள், கடல்வழி வந்த ஒரு மூட்டை உப்பு இங்கே இறங்க வேண்டும். மூட்டை தரையில் படக்கூடாது. இந்த ஊரில் பிறந்தவர்கள்தாம் அதைத் தொடலாம். தவறினால் மணி டன்வெல்லுக்குப் போய்விடும். அப்பாவுக்குப் பிறகு அதை அடிப்பவள் நான். மணி போனால் காலையில் எழுந்து எங்கே போவேன்?

உப்பு இறங்குமுன் மேயர் ஊர் வரலாற்றை வாசிக்க வேண்டும் என்பதும் வழக்கம். முந்தைய மேயர்கள் ஒரே பக்கத்தில் முடித்தார்கள். புது மேயர் கிரேக், ஆணிக்கடைக்காரர், ஒரு காகிதக் கத்தையோடு வந்தார்.

"ஆதியில் டென்மார்க்கிலிருந்து டேனியர்கள் இந்த முகத்துவாரத்தில் நுழைந்தபோது..."

"எங்க கொல்லை வழியாத்தான் வந்தாங்க! அதையும் எழுதுங்க!" என்று ஒரு குரல்.

"பின்னர் பிரெஞ்சுக்காரர்கள் ஊரை எரித்தார்கள்."

வின்னி மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து முட்டை சாண்ட்விச்சைப் பிரித்துக்கொண்டே, "எரிச்சது உங்க ரொட்டிக்கடைக்காரன். அடுப்பை அணைக்க மறந்துட்டான்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மேயரும் சிரித்துவிட்டு விட்ட வரியைத் தேடினார்.

படகுக்கார நெட் மூட்டையோடு தண்ணீரில் காத்திருந்தார். "ஐயா! தண்ணி வடியுது! கொஞ்சம் சுருக்குங்க!"

"பொறுங்க நெட், நார்வேக்குக் கப்பல் விட்ட கட்டத்துல இருக்கோம்."

"என் படகு எங்க இருக்குன்னு பாத்தீங்களா?"

மேயர் ஏட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அதன்பின் சேறு மேவி, கப்பல்கள் படித்துறையை அடைய முடியாமல்..." என்று அவர் உருக்கமாக வாசிக்கும்போது நெட்டின் படகு சேற்றில் சப்பென்று உட்கார்ந்தது.

கடல் ஏறி மறுபடி தண்ணீர் வருவது இருட்டிய பிறகுதான். வின்னி வண்டியை மணிக்கு நேராக நகர்த்தினாள்.

"தொடுற கை நம்ம ஊர்க் கையா இருக்கணும். கால் எங்க நிக்கணும்னு ராஜா சொல்லலியே? சேத்துல இறங்குங்க! வரிசையா நின்னு கைமாத்தி விடுவோம்" என்றேன்.

இளவட்டங்கள் குதித்து இறங்கினார்கள்.

"நில்லு! நீ எங்கே பொறந்தே?" என்று ஒருவனை மறித்தேன்.

"நகரத்து ஆஸ்பத்திரியில."

"ஏறு மேலே. நீ?"

"நானும் அங்கேதான் பாட்டி."

இப்போதெல்லாம் யார் வீட்டில் பிள்ளை பெறுகிறார்கள்? மிஞ்சியது முட்டிவலிக்காரர்கள்தாம். பாவாடையைச் செருகிக்கொண்டு, ஒருவர் தோளை ஒருவர் பிடித்து இறங்கினார்கள். மேயர் அங்கியோடு இறங்கினார். "என்னாலதானே வந்தது" என்றார். யாரும் மறுக்கவில்லை.

மணிக்கயிறு எட்டும்படி படித்துறை முனையில் நான் நின்றேன். எவ்வளவு எட்டி நின்றும் எனக்கும் மேயருக்கும் நடுவே ஓர் ஆள் இடம் காலியாக இருந்தது. எல்லோரும் வின்னியைப் பார்த்தார்கள்.

"என்னை ஏன் பாக்குறீங்க? நான் டன்வெல்காரி."

"நீ பொறந்தது அதோ, அந்த மாடி அறையில. உன் முதல் அழுகையை நான் படிக்கட்டுல உக்காந்து கேட்டேன்."

"மணியோட போனா எங்க ஊர்ல என்னைத் தூக்கி வச்சுக் கொண்டாடுவாங்கக்கா."

"கொண்டாடட்டும். மணி போயிட்டா இங்க திருநாள் ஏது? அடுத்த மிக்கேலுக்கு நாற்காலியைத் தூக்கிக்கிட்டு எங்கடி போவே?"

அவள் வாயிலிருந்ததை மென்று முடித்தாள். மலைமேல் இறங்கும் சூரியனைப் பார்த்தாள். பிறகு காலணியைக் கழற்றினாள்.

"சனியன் பிடிச்ச சேறு! இன்னும் அதே நாத்தம்" என்று திட்டிக்கொண்டே இறங்கி நின்றாள்.

மூட்டை நெட்டிடமிருந்து கைமாறிக் கைமாறி வந்தது. மேயர் கையில் ஒருமுறை வழுக்கியது. வின்னி அதை நெஞ்சோடு அணைத்துத் தாங்கி என்னிடம் நீட்டினாள். நான் மூட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மற்றக் கையால் மணிக்கயிற்றை இழுத்தேன். சூரியன் இன்னும் பாதி தெரிந்தது.

தண்ணீர் திரும்பும்போது இருட்டிவிடும் என்பதால் தோணியும் விடியும்வரை இல்லை. புது வண்டியில் உப்பை ஏற்றி வின்னியே என் வீட்டுக்குத் தள்ளி வந்தாள்.

"எங்க ஊர்ல யார்கிட்டயும் சொல்லிடாதே."

"நான் எதுக்குடி சொல்லணும்? உன் பாவாடையே சொல்லிடும்" என்று சொல்லிவிட்டு அவள் கால் கழுவ வெந்நீர் போட்டேன்.