அத்தானின் விரல் சோதனை

என் அத்தானுக்கு எதுவும் கையில் எடுத்தால் கனக்க வேண்டும். இருபது வருடமாக இன்வெர்ட்டரும் ஆம்ப்ளிஃபயரும் பழுது பார்க்கிறவர். முதுகில் தகடு வைத்த தடித்த ட்ரான்சிஸ்டர்தான் அவர் கணக்கில் ட்ரான்சிஸ்டர். அதே கடையில் அடுத்த மேசையில் சர்க்யூட் போர்டு வடிவமைக்கிற நான் வாங்கும் பொடிசுகளை ‘நோஞ்சான்’ என்பார். நானும் சும்மா இருக்க மாட்டேன். கொசு அடிக்கக் கடப்பாரை தூக்குகிறவர் என்பேன்.

போன வருடம் வந்த காய்ச்சலில் அக்காவுக்குக் காது போய்விட்டது. அவளுக்கு மாடியில் தையல் வேலை. துணி கொண்டுவந்தவர்கள் வாசல் மணியை அடித்து அடித்துப் பார்த்துவிட்டு வேறு கடைக்குப் போக ஆரம்பித்தார்கள். அத்தானுக்குப் பொறுக்கவில்லை. மணியை அழுத்தினால் தையல் மெஷின் பக்கத்தில் விளக்கு எரிகிற மாதிரி ஒரு பெட்டி செய்தார். உள்ளே இருக்கும் சிப் மணி அடித்ததைத் தெரிந்துகொண்டு ட்ரான்சிஸ்டரைத் திறக்கும். ட்ரான்சிஸ்டர் பன்னிரண்டு வோல்ட் விளக்கை எரிய விடும். விளக்குக்குத் தேவை அறுபது மில்லி ஆம்பியர். அதற்கு அவர் போட்டது முப்பது ஆம்பியர் தாங்கும் தடியனை.

“என் பொண்டாட்டிக்குப் போய் எள்ளு மாதிரி ஒண்ண வைப்பேனா?” என்றார்.

தடியன் முழுதாகத் திறக்கப் பத்து வோல்ட் வேண்டும். சிப்பிடம் இருப்பதோ மூன்று சொச்சம். ட்ரான்சிஸ்டர் கம்பெனி தரும் டேட்டா ஷீட்டில் ‘இரண்டு முதல் நான்கு வோல்ட்’ என்று போட்டிருப்பதைக் காட்டி, மூன்று அதற்குள்தானே வருகிறது என்று வாதாடினார். அது கதவு லேசாக அசைய ஆரம்பிக்கிற இடம், ஆள் நுழைகிற இடம் இல்லை என்று தொண்டை கட்டச் சொல்லிப் பார்த்தேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவருக்கென்று ஒரு சோதனை உண்டு. ட்ரான்சிஸ்டரையும் விளக்கையும் பேட்டரியில் மாட்டி, ஒரு விரலைப் பேட்டரியின் பிளஸ்ஸிலும் இன்னொரு விரலை ட்ரான்சிஸ்டரைத் திறக்கும் காலிலும் வைப்பார். விளக்கு பளிச்சென்று எரியும். எரியாமல் என்ன செய்யும்? அவர் விரல் வழியாகப் போவது பன்னிரண்டு வோல்ட்.

“அப்போ பெட்டியோட சேத்து உங்களையும் சுவத்துல மாட்டிடலாம் அத்தான்” என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு பெட்டியை மாடிச் சுவரில் மாட்டினார்.

மாட்டிய பெட்டி மினுக் மினுக்கென்று எரிந்தது. மாட்டும் முன்பே கடையின் இருட்டு மூலையில் அதைப் பார்த்துக் கண்ணுக்கு இதம் என்று மெச்சிக்கொண்டார். அக்கா உட்காருவது வெயில் விழும் ஜன்னலோரம். முந்தாநாள் பள்ளிக்கூடத்திலிருந்து இருநூறு சீருடை தைக்கக் கொடுக்க வந்தவர் மணி அடித்துக் காத்திருந்துவிட்டுப் போனார். அக்காவுக்குத் தெரியவே இல்லை. பிறகு தெரிந்து அழுதாள். அவர் மணியைச் சரியாக அழுத்தியிருக்க மாட்டார் என்பது அத்தான் கண்டுபிடித்த காரணம்.

இன்று நாலு மணிக்கு மறுபடி வருகிறேன், இதுதான் கடைசி என்று சீருடைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். நான் கீழே நிற்கட்டுமா என்று அக்காவிடம் எழுதிக் காட்டினேன்.

“வேண்டாம்” என்றாள். “கதவையே தங்கச்சி தொறந்தா, இவளால என்ன முடியும்னு நெனப்பாரு. நாந்தான் தொறப்பேன்.”

அதற்கு மேல் எனக்குப் பொறுமை இல்லை. அடுத்த தெரு பல் டாக்டர் வீட்டு இன்வெர்ட்டர் ஊளையிடுகிறதாம் என்று அத்தானிடம் ஒரு புளுகு விட்டேன். பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். மூன்று வோல்ட்டுக்குக் குறைவாகக் கொடுத்தாலே முழுதாகத் திறப்பேன் என்று டேட்டா ஷீட்டில் உறுதி சொல்லும் நோஞ்சான் ஒன்றை எடுத்து, பெட்டியைத் திறந்து, போர்டின் அடிப்பக்கம் ஈயத்தால் பற்ற வைத்தேன். இருநூறு மில்லி ஆம்பியர் தாங்கும்; இந்த விளக்குக்குத் தாராளம். தடியனை மட்டும் தூக்கிப் போட மனம் வரவில்லை. மூன்று காலையும் வெட்டி, அதே இடத்தில் பசை தடவி உட்கார வைத்தேன். வேலையில்லாத மேனேஜர் மாதிரி ஜம்மென்று இருந்தான்.

அத்தான் திரும்பி வந்தார். ஊளை எதுவும் இல்லையாம், போனதற்கு இரண்டு ஸ்க்ரூவை முறுக்கிவிட்டு வந்தாராம். சிரிப்பை அடக்கியதில் எனக்கு இருமல் வந்தது.

நாலு மணிக்கு விளக்கு எரிந்தது. வெயிலையும் மீறிப் பளீரென்று எரிந்தது. அக்கா துணியை அப்படியே விட்டு எழுந்தாள். பக்கத்தில் நின்ற எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தனியாகப் படியிறங்கிப் போய்க் கதவைத் திறந்து, வந்தவரிடம் நோட்டையும் பேனாவையும் நீட்டினாள். நானும் அத்தானும் மாடிப்படி மேலே மூச்சு விடாமல் நின்றோம். கால் மணி நேரம் எழுதி எழுதிப் பேசிவிட்டு அவர் மாதிரித் துணியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. பெட்டியைத் திறந்து, “தொட்டுப் பாரு, கொஞ்சங்கூடச் சூடு இல்ல. அதான் பெருசு” என்று தடியன் மேல் விரலை அழுத்தினார். பசை சரியாகக் காயவில்லை போலிருக்கிறது. விரலை எடுத்ததும் தடியனும் கூடவே வந்துவிட்டான்.

திருப்பிப் பார்த்தார். வெட்டிய கால்களைப் பார்த்தார். போர்டைக் கவிழ்த்து நோஞ்சானையும் பார்த்தார். சண்டைக்கு நான் பத்துப் பதில் தயாராக வைத்திருந்தேன்.

“அப்போ முந்தாநாள் அவரு திரும்பிப் போனது என்னாலயா?” என்றார்.

அவர் முகம் தொங்கிப்போனதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. காலையிலிருந்து சிரித்த சிரிப்பெல்லாம் கசந்தது.

அக்கா துணியோடு மேலே வந்து, “உங்க விளக்குதாங்க இன்னைக்கு என்னைக் காப்பாத்துச்சு” என்றாள். நான் அவரைப் பார்த்துச் சும்மா இருங்கள் என்று தலையசைத்தேன். அவர் கேட்கவில்லை. விரலில் ஒட்டியதை அவளிடம் காட்டி, உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: “நான் போட்டது எரியல. எரிஞ்சது ஒன் தங்கச்சி போட்டது.”

அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் விரலிலிருந்து தடியனைப் பிய்த்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

“சரி, சமையலறைக்கும் ஒரு விளக்கு செஞ்சு குடுடி” என்றாள் என்னிடம். “இவரு காப்பி கேட்டு பெல் அடிச்சா மட்டும் எரியக்கூடாது.”

அத்தான் தடியனைக் கேட்டுக் கையை நீட்டினார். “அதை இப்படிக் குடு. அந்த வேலைக்கு இவன்தான் சரி.”