சாட்சி இல்லாத பென்னி

பென்னிக்கு இருபத்தேழு வயதாகியும் சொந்தமாக ஒரு பாவம்கூட இல்லை.

இரும்புலியூரில் அவன் போகும் சபையில் இது சின்னக் குறை அல்ல. அங்கே ஞாயிறுதோறும் ஆராதனையின் நடுவில் சாட்சி நேரம் உண்டு. யாராவது ஒருவர் எழுந்து வந்து, தான் எந்தச் சேற்றில் கிடந்தார், ஆண்டவர் எப்படித் தூக்கிவிட்டார் என்று மைக்கில் சொல்வார். சேறு எவ்வளவு ஆழமோ அந்த அளவுக்குச் சபை உருகும். பென்னியோ சண்டே ஸ்கூல் வசனப் போட்டியில் பதினோரு வருடம் முதல் பரிசு வாங்கியவன். பரிசாக வந்த சோப்பு டப்பாக்களே வீட்டில் ஓர் அலமாரி இருக்கும். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. கல்லூரியில் ஒரே ஒரு தடவை பரீட்சைக்குப் பிட் எழுதினான். எழுதி முடித்தபோது அது மனப்பாடமாகிவிட்டதால் கிழித்துப் போட்டுவிட்டான். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

அவனுடைய பெரியப்பா மகன் ஜோனத்தான் வேறு ஜாதி. குடித்துவிட்டு ஜிஎஸ்டி ரோட்டின் நடுவில் பாய் விரித்துப் படுத்தது அவன் சாட்சி. முதலில் சொன்னபோது அதில் ஒரு லாரி வந்தது. இப்போது மூன்று லாரி வருகிறது. மறைமலை நகரிலிருந்து கேளம்பாக்கம் வரை எந்தச் சபையில் கூட்டம் நடந்தாலும் அவனைத்தான் கூப்பிடுகிறார்கள், சால்வை போடுகிறார்கள், நெஞ்செலும்பாகப் பார்த்து பிரியாணி வைக்கிறார்கள். பத்து வருடம் தெருவைக் கலக்கியவனுக்குச் சால்வை, பதினோரு வருடம் வசனம் ஒப்பித்தவனுக்கு நாற்காலி அடுக்குகிற வேலை. இது என்ன நியாயம் என்று பென்னி ஆண்டவரையே இரண்டு மூன்று தடவை கேட்டுவிட்டான். அவனுக்குப் பெரிய ஆசையெல்லாம் இல்லை. ஜோனத்தானைப் பார்க்கிற கண்ணால் சபை ஒரே ஒரு நாள் தன்னையும் பார்க்க வேண்டும், அதை அம்மா பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

மைதானத்தில் சில நாள் நடக்கும் ஜனவரி எழுப்புதல் கூட்டத்துக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. அதன் இரண்டாம் நாள் ஜோனத்தானுக்குக் கேளம்பாக்கத்தில் வேறு கூட்டம். சாட்சிக்கு யார் என்று பாஸ்டர் வேதசிரோமணி தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது பென்னி போய் நின்றான்.

"ஐயா, நான் சொல்றேன்."

பாஸ்டர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க எதுலேர்ந்து தம்பி ரட்சிக்கப்பட்டீங்க?"

"ரெண்டு வாரம் டைம் குடுங்க ஐயா," என்றான் பென்னி.

மறைமலை நகரில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் பென்னிக்கு வேலை. அதே ஷிப்டில் எழில் என்று ஒருவன் இருந்தான். அவனுக்குப் பிளாக் மெட்டல் பைத்தியம். முகம் முழுக்க வெள்ளை பூசி, கண்ணைச் சுற்றிக் கறுப்புத் தடவி, பிணம் எழுந்து வந்தது போல நின்று தொண்டை கிழியக் கத்திப் பாடுகிற இசை அது. வெளிநாட்டில் அதைப் பாடுகிற சிலர் சாத்தானைக் கும்பிடுகிறவர்கள் என்று பெயரெடுத்தவர்கள். எழிலின் பனியன்களில் எல்லாம் மண்டையோடும், மரத்தின் வேர் போலப் பின்னிய எழுத்தும் இருக்கும். இத்தனை நாளும் அவன் டீக்கு அழைத்தால்கூட ஒதுங்கிப் போன பென்னி, அன்று தானே போய்த் தோளில் கை போட்டான்.

"உங்க ஆளுங்க விழா ஏதோ நடக்குதுன்னு சொன்னியே. நானும் வரேன்."

எழில் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தான். விரதத்தில் இருப்பவன் எல்லோரையும் 'சாமி' என்றுதான் அழைக்க வேண்டும். "இன்னா சாமி, நீயா வர்றேன்ற? காது தாங்குமா? ஞாயித்துக்கெயம மத்தியானம் ரெண்டு மணிக்கு ஆரம்பிச்சு ஆறுக்குள்ள முடிச்சிடுவோம். பக்கத்துல டியூஷன் சென்டர் கீது, புள்ளைங்க படிக்குதுல்ல."

பென்னி அந்த ஞாயிறு காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உபவாசம் இருந்தான். செய்யப்போவது பாவம் என்றாலும் அது நல்லபடியாக முடிய வேண்டுமே.

வண்டலூர்–கேளம்பாக்கம் ரோட்டில், மூடிப்போன ஒரு தண்ணீர் கேன் கம்பெனியின் ஷெட்டில் விழா. அண்டர்கிரவுண்ட் என்று சொன்னதால் பாதாளத்தில் படி இறங்கிப் போக வேண்டியிருக்கும் என்று பென்னி நம்பியிருந்தான். இருந்ததோ தகரக் கூரை, அதன்மேல் மார்கழி வெயில். எழிலின் தோழி சத்யபிரியா வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தாள். கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்ப்பவள், இங்கும் நோட்டுப் புத்தகத்தோடுதான் இருந்தாள்.

"பேர், போன் நம்பர் எழுதுங்க பென்னி. அப்புறம் உங்க பிளட் குரூப்."

இரத்தம் என்றதும் பென்னி பேனாவை நிறுத்தினான். "எதுக்கு?"

"கூட்டத்துல யாராவது விழுந்து அடிபட்டா ஆஸ்பத்திரில கேப்பாங்கல்ல," என்றாள் அவள். எழுதி முடித்ததும் ஒரு தங்கை போல அவன் கண்ணைச் சுற்றி வீட்டுக் கண்மையைத் தடவிவிட்டாள்.

உள்ளே நூறு பேர் இருப்பார்கள். எல்லோரும் கறுப்பு. பாதிப் பேர் வெறுங்கால். முதலில் பென்னி உள்ளுக்குள் மகிழ்ந்துபோனான். கிட்டே போய்ப் பார்த்தால் வெறுங்கால்காரர்கள் அத்தனை பேரும் மாலை போட்டவர்கள். கறுப்புச் சட்டை இரண்டுக்கும் பொது என்பதால் இந்த இரண்டு மாதம் இவர்களுக்குத் துணிச் செலவு மிச்சம் என்று எழில் விளக்கினான்.

முதல் குழு ஆரம்பித்ததும் நெஞ்சுக்கூட்டில் யாரோ உலக்கையால் இடிப்பது போலிருந்தது. பையன்கள் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டார்கள். மோதி விழுந்தவனை நாலு பேர் தூக்கி நிறுத்தி, "சாரி ப்ரோ, அடி கிடி பட்டுச்சா?" என்று கேட்டுவிட்டு மறுபடி மோதினார்கள். நடுவில் ஒருவனின் மூக்குக் கண்ணாடி எகிறிப் போய்விட்டது. உடனே பாட்டு நின்றது. நூறு பேரும் முட்டி போட்டு, செல்போன் வெளிச்சத்தில் தரையைத் தடவித் தேடினார்கள். கண்ணாடி கிடைத்ததும் கை தட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து கத்தத் தொடங்கினார்கள்.

பென்னிக்குக் கவலை வந்துவிட்டது. மணி நாலாகிறது, ஒரு பாவமும் தேறவில்லை. எழிலின் காதருகில் போய், "இங்க கஞ்சா கிஞ்சா எதுவும் கிடைக்காதா?" என்று கேட்டான்.

"வாய்ல அடிச்சுக்கோ சாமி. மாலை போட்டவன்கிட்ட கேக்குற கேள்வியா இது? உனுக்கு எப்பலேர்ந்து இந்தப் பயக்கம்?" எழிலின் முகம் வாடிவிட்டது. அவன் போய்ச் சொல்ல, சத்யபிரியா வந்து பென்னியை ஓரமாக அழைத்துப் போனாள். "வீட்ல ஏதாவது ப்ராப்ளமா பென்னி? எதுவா இருந்தாலும் எங்ககிட்ட சொல்லுங்க. கவுன்சலிங் நம்பர் ஒண்ணு இருக்கு, தரட்டுமா?"

சபையில் இத்தனை வருடத்தில் அவனிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. யோக்கியனுக்கு என்ன பிரச்சினை இருக்கப்போகிறது என்று விட்டுவிட்டார்கள்.

கடைசிக் குழுவின் பாடகன் மேடையேறினான். பட்டப்பெயர் மயானவேந்தன். வெள்ளை முகம், கறுத்த உதடு, இடுப்பு வரை முடி. அவன் முதல் கத்துக் கத்தியபோது கூரைத் தகரம் அதிர்ந்தது. இதில் எப்படியும் தெய்வ தூஷணம் இருக்கும், இரண்டு வரியாவது கேட்டு மனத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று பென்னி முன்னால் முண்டியடித்துப் போனான். ஒரு வார்த்தை புரியவில்லை. மூன்றாவது பாட்டில் வெயிலும் வெறும் வயிறும் சேர்ந்து அவனைத் தரையில் சாய்த்துவிட்டன.

கண் விழித்தபோது அந்தப் பிணமுகம் அவன்மேல் குனிந்திருந்தது. பாட்டை நிறுத்திவிட்டு மேடையிலிருந்து இறங்கி வந்திருந்தான். கையில் எவர்சில்வர் தூக்கு. மூடியில் 'செ. மெட்டில்டா' என்று பெயர் வெட்டியிருந்தது.

"மெதுவா எழுந்திருங்க பிரதர். மோர்தான், குடிங்க. எங்கம்மா கடைஞ்சது."

பென்னி குடித்தான். கறிவேப்பிலை மிதந்தது. "இஞ்சி கொஞ்சம் தூக்கல்," என்றான், சொல்ல வேறு எதுவும் தோன்றாமல்.

"அம்மா கை அப்படி," என்று பாடகன் சிரித்தான். வெள்ளைப் பூச்சில் விரிசல் விழுந்தது.

"நீங்க பாடினது சாத்தானைப் பத்தியா?"

"அவரைப் பத்தி நமக்கு என்ன பிரதர் தெரியும்? எங்க ஏரியை பிளாட் போட்டு வித்தாங்கல்ல, அதைத்தான் பாடினேன். சுடுகாட்டையும் விடல." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "நான் இங்க பாடுறது அம்மாவுக்குத் தெரியாது. ஷட்டில் ஆடப் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். தெரிஞ்சா உயிரையே விட்டுடுவாங்க."

எழில் பென்னியைப் பத்திரமாக வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டான். மறுநாள் காலையிலும் போன் செய்து, சாப்பிட்டாயா என்று கேட்டான்.

அவன் போனை வைத்ததும் பென்னி பேப்பரும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தான். பொய் எழுதக் கூடாது என்பதில் மட்டும் உறுதியாக இருந்தான்.

கூட்டத்தின் இரண்டாம் நாள் மாலை இரும்புலியூர் மைதானப் பந்தலில் எழுநூறு பேர். மூன்றாவது வரிசையில் அம்மா, கிறிஸ்துமஸுக்கு எடுத்த பட்டுப் புடவையில். பாஸ்டர் பெயர் சொல்லி அழைத்ததும் பென்னி மேடையேறினான். சாட்சி சொல்லும்போது பின்னால் கீபோர்டை மெல்ல வாசிப்பது வழக்கம். வாசிக்கத் தாம்பரத்திலிருந்து ஒருவரை அழைத்திருந்தார்கள். வெள்ளைச் சட்டை, கொண்டை போட்ட முடி, கும்பிடத் தோன்றுகிற முகம். அவர் காலடியில் ஓர் எவர்சில்வர் தூக்கு. மூடியில் 'செ. மெட்டில்டா'.

பென்னி தூக்கையும் அந்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். கீபோர்டுக்காரன் அவனைப் பார்த்து லேசாகத் தலையாட்டிவிட்டு வாசிக்க ஆரம்பித்தான்.

இப்போதுகூட இறங்கிவிடலாம். ஆனால் எழுநூறு பேர், அவர்கள் நடுவில் அம்மா. பென்னி மைக்கைப் பிடித்தான்.

"வாசல்லயே என் இரத்தத்தைப் பத்திக் கேட்டாங்க," என்றான். சபை ஸ்தோத்திரம் என்றது. "கறுப்பு உடுத்தி, வெறுங்காலோட நின்னாங்க. திடீர்னு நூறு பேரும் முழங்காலிட்டுத் தரையைத் தடவினாங்க. மேடையில ஒருத்தன் கத்திப் பாடினான், நான் செத்தவன் மாதிரி விழுந்தேன். ஒரு பிணத்தோட முகம் என்மேல குனிஞ்சு எதையோ குடிக்கக் குடுத்துச்சு. அதுல ஏதோ மிதந்துச்சு."

ஒரு வரிகூடப் பொய் இல்லை. கீபோர்டு அவன் சொல்லச் சொல்லக் கீழே கீழே இறங்கிப் பயமுறுத்தியது. கடைசியில் வெளிச்சத்துக்கு வந்தேன் என்று அவன் முடித்தபோது, சொல்லி வைத்ததுபோல மேலே ஏறிப் பொழிந்தது. அப்படி ஒரு வாசிப்பு ஜோனத்தானின் மூன்று லாரிக்கும் அமைந்ததில்லை. பெண்கள் பக்கம் விசும்பல் கேட்டது.

பாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். "அந்தப் பாடகன் பேர் ஞாபகம் இருக்கா தம்பி? பேர் சொல்லி ஜெபிப்போம்."

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "மயானவேந்தன், ஐயா," என்றான் பென்னி.

கீபோர்டு ஒரு கணம் நின்றது. பிறகு தொடர்ந்தது.

"ஆண்டவரே, மயானவேந்தனைத் தொடும். இந்த மணி நேரத்திலே, அவன் எங்கே இருந்தாலும், மயானவேந்தனைச் சந்தியும்." எழுநூறு பேர் கண்ணை மூடிக் கையை நீட்டினார்கள். இரண்டு பேர் கண் மட்டும் திறந்திருந்தது. ஒருவன் வாசித்துக்கொண்டிருந்தான், மற்றவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கூட்டம் முடிந்து மேடைக்குப் பின்னால் சால்வையோடு நின்றவனிடம் ஓர் அம்மா வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. கையில் சின்ன நோட்டு.

"நடுங்கிப் போயிட்டேன் தம்பி. தினம் காலையில நாலு மணிக்கு எழுந்து ஜெபிப்பேன். அந்த மயானவேந்தன் பேரையும் இதுல எழுதிக்கிட்டேன். பெத்தவ யாரோ, பாவம், எங்க உக்காந்து அழுவுறாளோ." மூக்கை முந்தானையால் துடைத்துக்கொண்டார். "கண்டதையும் குடிச்ச வயிறு, மோர் குடிங்க. கிருபா, தம்பிக்கு ஊத்திக் குடுப்பா. இவன் என் பையன்தான். ஷட்டில் ஆடப் போறதைத் தவிர வெளியில தலை காட்டமாட்டான்."

கிருபா தூக்கைத் திறந்து டம்ளரில் ஊற்றி நீட்டினான். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பென்னிக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"இஞ்சி கொஞ்சம் தூக்கலா இருக்கும் பிரதர்," என்றான். "பார்த்துக் குடிங்க."

பென்னி வாங்கினான். கறிவேப்பிலை மிதந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அவனுக்குத் தன்மேல் அருவருப்பு வந்தது. தேடித் தேடி அலைந்த பாவம் இதோ கைக்கு வந்துவிட்டது, அதைச் சொல்லத்தான் அவனால் எந்த மேடையிலும் முடியாது.

பாஸ்டர் டைரியோடு வேகமாக வந்தார். "தம்பி, வர்ற ஞாயித்துக்கிழமை மறைமலை நகர்ல சாட்சிக்கு ஆள் கேக்குறாங்க. ஜோனத்தான் வேணாம், நீங்கதான் வேணும்னு சொல்லிட்டாங்க."

பென்னி கிருபாவைப் பார்த்தான். கிருபா குனிந்து கீபோர்டு வயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். பென்னி மோரை மிச்சம் வைக்காமல் குடித்தான், டம்ளரைக் கவிழ்த்து வைத்தான், தோளில் நழுவிய சால்வையைச் சரிசெய்துகொண்டான்.

"எத்தனை மணிக்கு வரணும் ஐயா?" என்று கேட்டான்.