குடித்தனக்காரர்

பால் பண்ணையின் வெள்ளைத் தொப்பியைக்கூடக் கழற்றாமல் அவள் ஓடி வந்தபோது வார்டு வாசலில் நர்ஸம்மா மறித்தாள்.

"மெதுவா வாம்மா. உங்க வீட்டுக் குடித்தனக்காரரு இன்னும் ஒரு மணி நேரம் தாங்கினா பெரிசு. அவரோட சொந்தக்காரங்க யாரையாவது தெரியுமா?"

"தெரியாதுங்க," என்றாள், டெய்லராயிருந்த அந்தக் குடித்தனக்காரரின் மகள்.

சொல்லிச் சொல்லி அந்தப் பொய்க்கு நாக்கு பழகிப்போயிருந்தது. காசநோய்க்காரரின் ரத்த சொந்தம் யாரும் பண்ணையில் பாட்டில் நிரப்பக் கூடாது என்பது சட்டம். அவளுடைய சம்பளத்தில்தான் இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் அப்பாவுக்கும் சோறு. சுகாதார ஆபீசிலிருந்து பதிவேட்டோடு ஒருவர் வந்து, "இவரு உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்ட அன்று, பின்னறைக் கட்டிலில் கிடந்தவரைக் காட்டி, "வாடகைக்கு இருக்காருங்க," என்றுவிட்டாள். வாய் முந்திக்கொண்டது.

அப்பா இருமலை அடக்கிக்கொண்டு, "ஆமாங்க. தங்கமான வீட்டுக்காரம்மா," என்றார்.

அன்றிலிருந்து அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. வந்தவர் போன பிறகும், கதவைச் சாத்திய பிறகும், "கொஞ்சம் தண்ணி தர்றீங்களா?" என்றுதான் கேட்டார். தன் வேலையைக் காப்பாற்றத்தான் அப்படிப் பேசிப் பழகிக்கொள்கிறார் என்று முதலில் நினைத்தாள். பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

பக்கத்துக் கட்டில்காரர் அவளைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார். "யோவ் டெய்லரே, வீட்டுக்காரம்மா வந்திருக்காங்க பாரு! காலி பண்ணச் சொல்லத்தான் வந்திருப்பாங்க!"

"இன்னிக்கே பண்ணிடறேன்யா," என்றார் அப்பா. வார்டே சிரித்தது. சிரித்தவர்களெல்லாம் இருமினார்கள்.

அந்த இருமல் சத்தத்தில் அவள் குனிந்து, அவர் காதோரம், "அப்பா," என்றாள்.

அவர் கண்ணைத் திறந்து அவளுடைய தொப்பியையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"யாரைக் கூப்பிடறீங்க?"

கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அரை மணி நேரத்தில் நர்ஸம்மா வந்து போர்வையை முகத்தின் மேல் இழுத்துவிட்டுப் போனாள்.

ஆபீஸ் அறையில் குமாஸ்தா மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்: "உடம்ப வாங்கணும்னா ரத்த சொந்தம் கையெழுத்துப் போடணும்மா. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பார்ப்போம். யாரும் வரலேன்னா காலேஜுக்கு அனுப்பிடுவோம்."

"எந்தக் காலேஜுக்குங்க?"

"டாக்டருக்குப் படிக்கற பசங்க இருக்காங்கல்ல? அறுத்துப் பார்க்கணுமே அவங்க."

"நான் போடலாமா?"

"நீங்க எப்படிப் போட முடியும்? வீட்டுக்காரங்கதானே?" குமாஸ்தா பக்கத்தைப் புரட்டினார். "இவருக்கு ஒரே மகளாம். சேர்க்கறப்போ எங்கேன்னு கேட்டிருக்காங்க. செத்துட்டான்னு சொல்லியிருக்காரு. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

அவள் தலையிலிருந்த வெள்ளைத் தொப்பியைச் சரிசெய்துகொண்டாள்.

"ஆமாங்க," என்றாள். "செத்துட்டா."

"பாவம். என்ன வயசிருக்கும்?"

"முப்பத்திரண்டு."

அவர் அதையும் எழுதிக்கொண்டார். எழுதிவிட்டு, மை காய்வதற்காக அந்த வரியின் மேல் மெல்ல ஊதினார்.