நாலேகாலுக்குள் கரை

முத்துமீனா இஞ்சின் கயிற்றைப் பதினோராவது தடவையாக வெடுக்கென்று இழுத்தாள். இஞ்சின் ஒரு இருமல் இருமிவிட்டு அடங்கிப்போனது. இருமுவதற்கு மட்டும் தெம்பு இருக்கிறது சனியனுக்கு. கரையிலிருந்து கிளம்பும்போது என்ன சத்தம், என்ன ஜம்பம்! கண்மாயின் நட்டநடுவுக்கு வந்ததும் மூச்சை விட்டுவிட்டது.

எதிரே பலகையில், ஆரஞ்சு மிதவைச் சட்டைக்குள் கழுத்துவரை புதைந்து உட்கார்ந்திருந்தார் இம்மானுவேல். படகுப் பாதுகாப்பு பார்க்க வந்த ஆய்வாளர். மடியில் ஃபைல். முகத்தில் ஈ ஆடவில்லை.

அழகர்கோவில் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது பெரியவாகைக் கண்மாய். ஆறு வருடம் கழித்து இந்தக் கார்த்திகையில்தான் நிறைந்து, மிச்சத் தண்ணீர் கலுங்கு வழியே வெளியே பாய்ந்தது. மதுரையிலிருந்து சனி ஞாயிறு வருகிறவர்களைப் பாய்மரப் படகில் ஏற்றிச் சுற்றிக் காட்டலாம் என்று முத்துமீனாவும் ஊர்ப் பெண்கள் ஐந்து பேரும் சேர்ந்து, கடல்பக்கம் ஒரு கிளப்பில் கழித்துப் போட்ட படகை வாங்கி வந்தார்கள். அதற்காக கே.கே. நகர் கிளினிக்கில் ஒன்பது வருடம் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்த வேலையை அவள் விட்டுவிட்டாள். பஞ்சாயத்து சரி என்றுவிட்டது. பாக்கி இருந்தது இந்த மனுஷனின் கையெழுத்து ஒன்றுதான். அவர் இந்தப் பக்கம் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். மாசி பிறந்தால் கண்மாய் வற்றி அதில் ஆடு மேயும். இன்றைக்கு விட்டால் இனி அடுத்த மழை எப்போதோ, அப்போதுதான்.

"பாயை விரிங்கம்மா," என்றார் இம்மானுவேல்.

விரித்தாள். அது துவைத்துக் காயப்போட்ட வேட்டிபோல் சும்மா தொங்கியது. காலையிலிருந்து அடித்த காற்று எங்கே போய்ப் படுத்ததோ தெரியவில்லை.

"துடுப்பு?"

துடுப்பு கரையில் இருந்தது. படகை அலங்காரம் பண்ணுகிறேன் என்று அவள் புருஷன் மருது, துடுப்பு மாட்டுகிற வளையம் இரண்டிலும் வாழைக்கன்றைக் கட்டி, துடுப்புகளைக் கழற்றிக் கரையில் சாய்த்து வைத்திருந்தான். இப்போது அவற்றுக்குப் பக்கத்திலேயே நின்று இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தான்.

"ஏ மீனா, என்ன ஆச்சு?"

"ம்ம்? கல்யாண ஊர்வலம் நின்னுபோச்சு!" என்று கத்தினாள். "வாழ கட்டுனியே, அழகா இருக்கு, வந்து பாரு!"

கோபத்தோடு இஞ்சின் பக்கம் திரும்பியவளுக்கு அப்போதுதான் பெட்ரோல் மூடி கண்ணில் பட்டது. அதன் உச்சியில் காற்றுப் போக ஒரு பொடித் துளை உண்டு. அந்தத் துளையின் மேலே, காய்ந்து கெட்டித்துப்போய், ஒரு பெரிய சந்தனப் பொட்டு. நடுவில் குங்குமம். காலையில் பூசை போட்டபோது அவளே மூன்று விரலால் அப்பியது. காற்று உள்ளே போகாமல் பெட்ரோல் எப்படிக் கீழே இறங்கும்? புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று நினைத்தாள்.

"சார், கண்டுபிடிச்சிட்டேன். பொட்டு அடச்சிருக்கு. சுரண்டுனா ஓடிரும்."

"தொடாதீங்க," என்றார் இம்மானுவேல். "இன்னைக்குப் பொட்டு. நாளைக்கு வேற ஒண்ணு. படகு நிறைய குழந்தைங்க இருக்கும்போது நின்னா என்ன செய்வீங்க? அதைத்தான் நான் பாக்கணும்." கடிகாரத்தைப் பார்த்தார். "மணி மூணேகால். நாலேகாலுக்குள்ள, வேற யாரும் கை கொடுக்காம கரை சேந்தீங்கன்னா கையெழுத்து. இல்லைன்னா அடுத்த வருஷம் பாப்போம்."

பாவி மனுஷா, என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். ஆனால் அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

முதலில் சுக்கானைப் பிடித்து இடதும் வலதுமாக ஆட்டினாள். மீன் வாலாட்டுகிற மாதிரி ஆட்டினால் படகு நகரும் என்று விற்றவன் சொல்லியிருந்தான். நகரத்தான் செய்தது. பத்து நிமிடத்தில் முப்பது அடி. கரைக்கு இன்னும் ஐந்நூறு அடி இருந்தது. இந்தக் கணக்கில் போனால் ராத்திரிச் சோறு இங்கேதான்.

கண்மாயில் மீன் குத்தகை எடுத்திருந்த அருள்பாண்டி, தெர்மாகோல் தெப்பத்தில் குந்தியபடி மெல்ல நெருங்கி வந்தார்.

"கயித்த வீசுத்தா, இழுத்து விட்டுர்றேன். ஆத்தாடி, எம்புட்டு நேரம் அந்த மனுசன வெயில்ல வதக்குவ?"

"வேணாம்ணே. நீங்க கயித்தத் தொட்டா என் லைசென்ஸ் போயிரும்."

"அதுக்காக வாலாட்டிக்கிட்டே இருப்பியாக்கும்?" என்று சிரித்தார்.

அவர் கயிறு என்றதும்தான் அவளுக்கு உறைத்தது. முன்பக்கம் நாலு கிலோ நங்கூரமும் நாற்பதடிக் கயிறும் சும்மா கிடந்தன. நங்கூரம் படகை நிறுத்தத்தான் என்று யார் சொன்னது? கரையைப் பார்த்து நின்று, அதை இரண்டு சுற்றுச் சுற்றி, முன்னால் வீசினாள். தொப்பென்று விழுந்தது. உடனே இழுத்தாள், வழுவழுவென்று சேற்றில் உழுதுகொண்டு அது அவளிடமே வந்தது. அடுத்த தடவை பொறுத்திருந்தாள். முழுக்க அமிழவிட்டு, உட்கார்ந்து, இரண்டு காலையும் படகின் முன்விளிம்பில் முட்டுக்கொடுத்து, நிதானமாக இழுத்தாள். கயிறு விறைத்தது. படகு முனகிக்கொண்டு முன்னே போனது.

"ஓ!" என்றார் இம்மானுவேல், தன்னை மறந்து.

அப்புறம் வீசுவது, அமிழவிடுவது, இழுப்பது, தூக்குவது. ஒவ்வொரு தடவையும் இருபதடி. நங்கூரத்தோடு வந்த சேறு ஆய்வாளரின் வெள்ளைச் சட்டையில் தெறித்தது. அவர் ஃபைலைக் குடையாகப் பிடித்துக்கொண்டார். பத்தாவது வீச்சில் உள்ளங்கை பொத்துக்கொண்டது. பதினைந்தாவதில் தோள்பட்டை கழன்று விழும்போல இருந்தது. துப்பட்டாவைக் கிழித்துக் கையில் சுற்றிக்கொண்டாள். விடமாட்டேன், இன்றைக்கு ஒரு கை பார்த்துவிடுகிறேன் என்று சத்தமாகவே சொன்னாள்.

கரைக்கு எண்பதடி இருக்கும்போது நங்கூரம் மாட்டிக்கொண்டது. தண்ணீருக்குள் கிடந்த கருவேல வேரைக் கவ்விக்கொண்டு, முக்கினாலும் முனகினாலும் வரமாட்டேன் என்றது.

"மணி நாலு அஞ்சு," என்றார் இம்மானுவேல். அவர் குரலில் இப்போது கொஞ்சம் கவலை இருந்தது.

அவள் நங்கூரக் கயிற்றை அவிழ்த்துத் தண்ணீரில் விட்டாள். கரையில் கட்டுகிற கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு குதித்தாள். தண்ணீர் இடுப்பளவு, சேறு முழங்கால் வரை. கயிற்றைத் தோளில் போட்டு இரண்டு எட்டு வைத்ததும் கால் புதைந்து குப்புற விழுந்தாள். எழுந்தாள். மறுபடி விழுந்தாள். கரையில் கூடி நின்ற பெண்கள் ஐயோ என்றார்கள்.

சேற்றில் முன்னால் பார்த்து நடந்தால் வேறென்ன ஆகும்? இந்தக் கண்மாய்க்குக் கீழே இருக்கிற வயல்களில் பதினெட்டு வயது வரை கூலிக்கு நாற்று நட்டவள் அவள். அதில் ஒரு சென்ட்கூட அவர்கள் வீட்டுக்குச் சொந்தமில்லை. ஆனால் அந்தச் சேறு அவள் காலுக்குத் தெரியும். நடவுக்காரி பின்பக்கமாகத்தான் நடப்பாள். குதிகாலை முதலில் உருவி, விரலைக் கடைசியில் எடுப்பாள்.

திரும்பி நின்றாள். படகைப் பார்த்தபடி, குனிந்து, கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு, பின்பக்கமாகவே கரையை நோக்கி நடந்தாள். ஓர் எட்டு. இன்னோர் எட்டு. ஆய்வாளர் மாப்பிள்ளைபோல் அசையாமல் உட்கார்ந்து வந்துகொண்டிருந்தார்.

"ஏத்தா, வலது பக்கம் பள்ளம்! இடது ஒதுங்கு!" என்று கத்தினார் அருள்பாண்டி. அவர் சிரிப்பை எப்போதோ நிறுத்தியிருந்தார். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, "சார், இது உதவில சேருமா?" என்றார்.

"சத்தம் சேராது," என்றார் இம்மானுவேல். "போடுங்க."

அதற்கப்புறம் கரையே சத்தம் போட்டது. இடது என்றார்கள், வலது என்றார்கள், இழுடி என்றார்கள். அவளுக்கு ஒன்றும் காதில் விழவில்லை. படகின் மூக்கு மண்ணில் உரசிய சத்தம் மட்டும் விழுந்தது. அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது, அடக்கவில்லை.

நாலு பதிமூன்று.

இம்மானுவேல் இறங்கிவந்து, படிவத்தை முழங்காலில் வைத்துப் பேனாவைத் திறந்தார். "இஞ்சின் பழுதானா மாற்று ஏற்பாடு என்னன்னு ஒரு கட்டம் இருக்கும்மா. என்ன எழுத?"

"பாய், துடுப்புன்னு போடுங்க சார்," என்று ஓடிவந்தான் மருது.

"எது, நீ கரையில சாத்தி வச்சிருந்தியே அதா?" முத்துமீனா மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஆய்வாளரைப் பார்த்தாள். "அதெல்லாம் இன்னைக்கு வரல சார். வந்தது நான்தான். என் பேர எழுதுங்க."

இம்மானுவேல் அவளுடைய கையைப் பார்த்தார். பிறகு அந்தக் கட்டத்தில் நிதானமாக அவள் பேரை எழுதிவிட்டு, "இனிஷியல் என்னம்மா?" என்று கேட்டார்.