போட்ட கைக்குத்தான் குறி

கரண்டி பாதி வழியில் நிற்கிறது, அம்மா வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கிறாள், பல்லில்லாத அந்த வாய்க்குள் கஞ்சியைச் சரிப்பதா வேண்டாமா என்று என் கை இன்னும் முடிவு செய்யவில்லை, பக்கவாதம் வந்த இந்த எட்டு மாதமாக நான் ஊட்டினால்தான் அவளுக்குச் சாப்பாடு, நான் அவள் பெற்ற பிள்ளையில்லை, தைப்பிங்கில் ஒரு சீனக் குடும்பம் ஐந்தாவதும் பெண்ணா என்று கொடுத்துவிட்ட குழந்தை, அவள்தான் தூக்கிவந்து தமிழ்ப் பெயர் வைத்துப் பொட்டும் வைத்தாள், அதுவரை நல்லவள்தான், எனக்கு ஆறு வயதாகும்போது அண்ணன் தணிகைவேலுக்குக் காய்ச்சல் இறங்கவே மாட்டேன் என்கிறது, இந்தப் பிள்ளை வந்த ராசிதானோ என்று கேட்க என் கையைப் பிடித்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் பின்னால் குறி பார்க்கும் சீனக் கிழவரிடம் போகிறாள், மூன்று ஓட்டைக்காசுகளை அவளே ஆறு தரம் உருட்டிப் போடுகிறாள், விழுந்ததைப் பார்த்துப் பார்த்து அவர் கீழிருந்து மேலாகக் கோடு போடுகிறார், அடியிலும் உச்சியிலும் முழுக்கோடு, நடுவில் நான்கும் பிளந்த கோடு, இது தொறந்த வாயி, என்று மலாய் மொழியில் சொல்கிறார், யாருக்கு என்ன ஊட்டுறோம், நமக்குள்ள எதை வளக்குறோம்னு கவனிக்கச் சொல்லுது. அம்மா அதற்குமேல் கேட்கவில்லை, வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் சொல்கிறாள், ஏங்க, இதுக்கு வாயி வந்திருக்குங்க, விட்டா வீட்டையே தின்னுரும்.

அன்றிலிருந்து எனக்கு அரை வயிறுதான், அண்ணன் பிழைத்துக்கொண்டான், அதனால் அவள் கணக்கு சரி என்றாகிவிட்டது, அவன் தட்டைக் கழுவும் சாக்கில் ஒட்டியிருந்த பருக்கைகளை வழித்து விழுங்குவேன், அம்மா இன்னும் கொஞ்சம், போதும்டி, ஒன் வாயி எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தபோதும் சாப்பிட்டேன் டீச்சர் என்றுதான் சொன்னேன், வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்று ஊர் சொல்லும், கடாவுக்கு என்ன தீனி போட்டார்கள் என்று யாரும் கேட்பதில்லை. போன வாரம் அதே இடத்துக்குப் போனேன், கிழவர் செத்து வெகுகாலமாகிறது, மகள் சியூ லான் உட்கார்ந்திருந்தாள், கதையைக் கேட்டுவிட்டு, காசப் போட்டது யாரு அக்கா என்றாள், அம்மா என்றேன், அப்ப அது ஒங்கம்மா வாயி, போட்ட கைக்குத்தான் குறி, கூட நின்ன பிள்ளைக்கு இல்ல, என்றாள், எனக்குச் சிரிப்பு வந்தது, அடங்கவே இல்லை, நீங்களும் போட்டுப் பாருங்கக்கா என்று காசுகளை நகர்த்தினாள், நான் தொடவில்லை, எனக்குள் எது வளர்ந்திருக்கிறது என்று எனக்கே தெரியும்.

அதையெல்லாம் இப்போதுதான் அம்மாவிடம் சொல்லி முடித்தேன், அது ஒன் வாயிம்மா, என் வாயி இல்ல, அவளுக்குப் புரிந்துவிட்டது, கண்ணில் நீர் கோத்துக்கொண்டது, ஆனாலும் வாயை மூடவில்லை, குழறிக் குழறி, பசிக்குதும்மா, என்றாள், இத்தனை வருடத்தில் என்னை அவள் அம்மா என்று சொன்னதேயில்லை, என் மனசு ஒரு நொடி ஆடியது, ஆடிவிட்டு நின்றது, கரண்டியைத் திருப்பி என் வாயில் வைத்துக்கொண்டேன், அவள் பார்க்கப் பார்க்கக் கிண்ணம் முழுவதையும் வழித்துச் சாப்பிட்டேன், எனக்குப் பசியே இல்லை.