இரண்டாவது பொட்டலம்

கணவரின் தலையில் எண்ணெய் வைத்து அரப்புத் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான், சேலத்துக் கார்க்காரர் வந்திருக்கிறார் என்று யாரோ சொன்னது சௌந்திரத்தின் காதில் விழுந்தது. அவள் கை ஒரு கணம் நின்றது. நின்றதை யாரும் கவனிக்கவில்லை என்று தெரிந்ததும் மறுபடி தேய்த்தது.

சென்னியப்பன் அன்று காலை பால் கறந்து, செம்பை அவளிடம் கொடுத்துவிட்டு, சற்றுக் கண்ணயர்கிறேன் என்று கட்டிலில் சாய்ந்தவர், பிறகு எழவில்லை. நோயில் கிடக்கவில்லை; முகத்தில் வலியின் சுவடும் இல்லை. கோடித்துணியோடு வந்த உறவினர்கள் நல்ல சாவு என்றார்கள். அவளுக்கும் அதில் மறுப்பில்லை. ஐம்பது வருடத்துக் குடித்தனத்தில் இருவருக்கும் இடையே தீராமல் நின்ற வாதம் ஒன்றே ஒன்று. அதற்குக் காரணமானவர் இப்போது வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

தீர்த்தகிரி சேலம் அஸ்தம்பட்டிக்காரர். எஞ்சியிருக்கும் பழைய அமெரிக்கக் கார்களைத் தேடிப் பிடித்து வாங்கிப் பம்பாய்க்கு அனுப்புவது அவர் தொழில். பெட்ரோல் பங்குகளில் வயதான டிரைவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துத் துப்புக் கேட்பார். பள்ளிபாளையத்தில் ஒரு ஸ்டூடிபேக்கருக்குள் நூல் கட்டுகளை அடுக்கி வைத்திருந்தார்களாம். இன்னோர் ஊரில் ஒரு டாட்ஜின் எஞ்சின் கிணற்று மேட்டில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்க, அதன் உடலில் கோழிகள் அடைகாத்தனவாம். அப்படித் தேடி வந்தவர்தான் ஒரு நாள், சேந்தமங்கலத்துக்கு மேற்கே சென்னியப்பனின் தோட்டத்துக் கொட்டகையான சாளைக்குள், ஓர் உறுப்பும் குறையாத பிளிமவுத் நிற்கக் கண்டார். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துத் துரை ஒருவர் தம் நாட்டுக்குத் திரும்பியபோது சென்னியப்பனின் தகப்பனார் வாங்கிய கார் அது. முகப்பில் பாய்மரக் கப்பல் பொம்மை ஒன்று இருந்தது. கடலைக் கண்டிராத அவ்வூரார் அதைக் கப்பக்காரு என்றார்கள்.

கேட்ட விலையைக் கொடுக்கத் தீர்த்தகிரி ஆயத்தமாக இருந்தார். சென்னியப்பனும் முடியாது என்று சொல்லவில்லை. மாரியம்மனிடம் பூக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். செவ்வரளியை ஒரு வாழையிலைப் பொட்டலத்திலும் வெள்ளரளியை இன்னொன்றிலும் கட்டி, அம்மன் முன் போட்டு, கண்ணில் படும் குழந்தை ஒன்றை எடுக்கச் சொல்வது வழக்கம். வெள்ளை வந்தால் விற்கலாம். சிவப்பு வந்தால் அடுத்த தையில் மறுபடி கேட்கலாம். சிவப்பு வந்தது. அடுத்த தையிலும் சிவப்பே வந்தது. ஆனாலும் ஒவ்வொரு தையிலும் தீர்த்தகிரி ஜீப்பில் இழுவைச் சங்கிலியோடு வந்து சேர்ந்தார். பூக் கேட்டு முடித்ததும் இருவரும் காரைக் கழுவி, எஞ்சினைச் சற்று உறும விட்டு, கறிச்சோறு உண்டு, வேப்பமரத்தடியில் பொழுது சாயும்வரை பேசிக்கொண்டிருப்பார்கள். சங்கிலி வந்தபடியே திரும்பிப் போகும்.

சாளை ஓரத்து அரளிச் செடிகளில் பூப் பறித்துப் பொட்டலம் கட்டுகிறவள் சௌந்திரம். இரண்டிலும் செவ்வரளியையே வைக்கச் சொன்னவர் சென்னியப்பன்.

“வித்துப்போட்டா அந்த மனுசன் அப்பறம் எதுக்கு நம்மூட்டுக்கு வாராரு?” என்பது அவர் கட்சி.

“அவரு காருக்கு வாராருங்க. நீங்க உங்களுக்கு வாராருன்னு நெனச்சுக்கிட்டு இருக்கறீங்க” என்பது அவள் கட்சி.

எடுக்கப்படாத பொட்டலத்தை அவள் உடனே மடியில் போட்டுக்கொண்டு வந்துவிடுவாள். சில வருடங்களுக்கு முன் ஒரு தையில் மட்டும் அது வைத்த இடத்தில் இல்லை. காக்கை தூக்கியிருக்கும் என்று சென்னியப்பன் சிரித்தார். யார் பிரித்துப் பார்த்தார்களோ என்று அவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

இப்போது நடப்பது புரட்டாசி. தீர்த்தகிரிக்கு யாரும் ஆள் அனுப்பவில்லை. பெட்ரோல் பங்கில் கேள்விப்பட்டாராம். பாடை எடுப்பதற்கு முன்பே சாளையை ஒரு பார்வை பார்த்துவிடுவார் என்று சௌந்திரம் நினைத்தாள். பார்த்துவிட்டால் வாதம் முடிந்தது, வென்றவள் அவள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, அதன் ஓரத்து வழியாக அவரையே கவனித்தாள். வாழ்நாளில் முதன்முறையாக, தான் சொன்னது தவறாக இருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

அவர் பங்காளிகளின் நீட்டிய கைகளை வரிசையாகத் தொட்டுவந்தார். மகன் வேலுமணியின் கைகளைச் சற்று நேரம் பிடித்துக்கொண்டார். மாலையைப் போட்டுவிட்டு ஒதுங்கினார். வெயில் ஏறியிருந்தது. வந்த ஆண்களில் பாதிப்பேர் சாளை நிழலில் காரின் மேல் சாய்ந்து நின்றார்கள். ஒருவர் கப்பலின் பாய்மரத்தில் துண்டைக்கூடத் தொங்கவிட்டிருந்தார். அங்கே வரச்சொல்லித் தீர்த்தகிரியைக் கூப்பிட்டார்கள். பரவாயில்லை என்று கையசைத்துவிட்டு, சாளைக்கு முதுகைக் காட்டியபடி வெயிலிலேயே நின்றார். ஜீப் வந்த அடையாளம் இல்லை. பஸ்ஸில் வந்திருந்தார்.

முதுகைக் காட்டி நிற்பதை மட்டும் வைத்து எதையும் முடிவுகட்ட அவள் விரும்பவில்லை. வியாபாரிக்குப் பொறுத்திருக்கத் தெரியும்.

பாடை எடுத்தார்கள். பெண்கள் வண்டித் தடம் முடியும்வரை போய்த் திரும்பினார்கள். தீர்த்தகிரி ஆண்களோடு சுடுகாடுவரை நடந்தார். பொழுது சாயத் திரும்பி வந்து, மற்றவர்களைப் போலவே மோட்டார்த் தொட்டியில் குளித்து, ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தபோது வேலுமணி அருகில் போனான். அவன் திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் ஓட்டுகிறவன். எதையும் சுற்றி வளைக்காதவன். வீட்டு நடையில் உட்கார்ந்திருந்த சௌந்திரத்துக்கு எல்லாம் கேட்டது.

“ஏனுங்க, அய்யன் இருந்த வரைக்கும் அம்மன் உத்தரவு குடுக்கலீங்க. இனிப் பூவெல்லாம் எதுக்குங்க? எனக்குக் கம்பரசர் நிறுத்த எடம் வேணும். காரியம் முடிஞ்சொடனே வந்து இழுத்துக்கிட்டுப் போயிருங்க.”

தீர்த்தகிரி வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டார். “பூக் கேக்காமயாங்க?”

“தீட்டுல எப்படிங்க கேக்கறது?”

“தீட்டுக் கழியட்டும் தம்பி. கவுண்டர் வெச்ச மொறை. அத நாம எதுக்கு மாத்தணும்?”

கேட்ட பொருளைக் கொடுக்கிறேன் என்றால் வேண்டாம் என்கிற வியாபாரியை வேலுமணி பார்த்ததில்லை.

வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பத் தொடங்கினார்கள். சாவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது. எழுந்து, மேல்துண்டை உதறி, பேசாமல் நடந்துவிட வேண்டும். தீர்த்தகிரியும் எழுந்தார். ஆனால் நேரே நடக்காமல் நடைக்கு வந்து, சௌந்திரத்தின் முன் தரையைப் பார்த்தபடி நின்றார். பிறகு, அவளுக்கு மட்டும் கேட்கும் குரலில் சொன்னார்.

“அக்கா, தையில ரெண்டுலயும் செவப்பாவே வெச்சுக் கட்டுங்க.”

அவள் நிமிர்ந்தபோது அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். சாளையைக் கடக்கும்போதும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. வேப்பமரத்தடியில் மட்டும் சற்று நின்றார். பிறகு பஸ்ஸுக்கு நடந்தார்.

அன்றைக்குப் பொட்டலத்தைத் தூக்கிப்போன காக்கை எது என்று சௌந்திரத்துக்கு இப்போது விளங்கியது. அதற்குப் பிறகும் தை பிறக்காமல் இல்லை. பிறந்த ஒவ்வொரு தையிலும் ஜீப் வந்தது. அதில் சங்கிலியும் இருந்தது.

வேலுமணி அருகில் வந்து குந்தினான். “என்னம்மா சொல்லீட்டுப் போறாரு?”

“ஒண்ணுமில்ல சாமி. கம்பரசர வேற பக்கம் பாத்து நிறுத்திக்க.”

அவன் எழுந்து போனான். வீடு கழுவியது போக ஒரு குடத்தில் தண்ணீர் மிச்சமிருந்தது. சௌந்திரம் அதை இடுப்பில் வைத்துக்கொண்டு சாளையின் ஓரத்துக்குப் போனாள். காரின் முகப்பில் யாரோ மறந்துவிட்டுப்போன துண்டு கப்பலை மூடிக் கிடந்தது. எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டாள். பிறகு குனிந்து, குடத்துத் தண்ணீர் முழுவதையும் செவ்வரளியின் தூரில் ஊற்றினாள்.